காருக்கு அடியில் பென்குயின்!

குட்டீஸ்! வீட்டில் வண்டியை எடுக்கும்போது அப்பா என்ன செய்வார்? சக்கரத்துக்குப் பின்னால் பூனை படுத்திருக்கிறதா, நாய்க்குட்டி தூங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கிளப்புவார், இல்லையா? ஓர் ஊரில் இதற்காகக் கார் நிறுத்தும் இடத்தில் அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "காரை எடுக்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள். பென்குயின் இருக்கலாம்!"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெயில் ஏறினால் அங்கே பென்குயின்கள் நிழல் தேடி நிஜமாகவே காருக்கு அடியில் போய் நின்றுகொள்கின்றன!

அந்த ஊரின் பெயர் சைமன்ஸ் டவுன். தென் ஆப்பிரிக்காவில், கேப் டவுன் நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கடற்கரை ஊர். அங்கே 'போல்டர்ஸ்' என்று ஒரு கடற்கரை இருக்கிறது. நம் ஊரில் ரயில்வே காலனி, போலீஸ் காலனி என்றெல்லாம் இருக்கின்றன அல்லவா? போல்டர்ஸில் இருப்பது பென்குயின் காலனி! டேபிள் மவுன்டன் தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கும் அந்தக் காலனிக்குத்தான் இன்று நாம் போகப் போகிறோம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டீர்களா? கிளம்பலாம்!

பனி இல்லை, பென்குயின் உண்டு!

"பென்குயின் என்றால் பனிப் பிரதேசத்தில்தானே இருக்கும்? ஆப்பிரிக்காவில் எப்படி?" என்றுதானே கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி.

உலகத்தில் சுமார் 18 வகைப் பென்குயின்கள் இருக்கின்றன. அவற்றில் சில வகைகள்தான் அன்டார்டிகாவின் பனியில் வாழ்கின்றன. மற்றவை தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பல கரைகளில் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே, காலபாகஸ் தீவுகளில்கூட ஒரு வகை உண்டு! ஆப்பிரிக்கக் கண்டத்துக் கரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பென்குயின் ஒரே ஒரு வகைதான். அதன் பெயரே ஆப்பிரிக்கப் பென்குயின். தென் ஆப்பிரிக்கா, நமீபியா ஆகிய இரண்டு நாடுகளின் கரையோரம் தவிர வேறு எங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

அங்கே தரையில் வெயில் அடித்தாலும் கடல் தண்ணீர் குளிர்ச்சிதான். ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையை ஒட்டிப் 'பெங்குவேலா' என்ற குளிர் நீரோட்டம் ஓடுகிறது. ஆழ்கடலில் இருக்கும் சத்துகள் அங்கே மேலே வருவதால் மீன்கள் ஏராளமாகப் பெருகும். பென்குயினுக்குத் தேவை பனிக்கட்டி இல்லை. குளிர்ந்த கடலும் வயிறு நிறைய மீனும்தான்!

வரலாற்றுப் பாடத்தில் வாஸ்கோடகாமா பற்றிப் படித்திருப்பீர்கள். 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வந்து இறங்கியவர். அந்தப் பயணத்தில், 1497-ஆம் ஆண்டு அவருடைய கப்பல்கள் தென் ஆப்பிரிக்கக் கரையில் நின்றபோது, மாலுமிகள் ஒரு விசித்திரமான பறவையைப் பார்த்தார்கள். "வாத்து அளவு இருக்கிறது, பறக்க முடியவில்லை, கழுதை போலக் கத்துகிறது" என்ற பொருளில் அவர்களில் ஒருவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அது நம் ஆப்பிரிக்கப் பென்குயின்தான்!

பலகைப் பாதையில் நடப்போம்

இதோ, போல்டர்ஸ் வந்துவிட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். யானைகள் கூட்டமாகப் படுத்திருப்பதுபோல வழுவழுப்பான பெரிய பெரிய பாறைகள் தெரிகின்றனவா? எல்லாம் கருங்கல். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானவை! பெரிய உருண்டைப் பாறையை ஆங்கிலத்தில் 'போல்டர்' என்பார்கள். அதனால்தான் கடற்கரைக்கு இந்தப் பெயர்.

மணலில் இறங்கி ஓடாதீர்கள்! காலனிக்குள் போக மரப்பலகையால் பாதை போட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து சற்று உயரத்தில், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு இருக்கிறது. நாம் மேலே நடக்க, பென்குயின்கள் கீழே தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாதை ஏன் உயரமாக இருக்கிறது தெரியுமா? மணலுக்கு அடியிலும் புதர்களுக்கு அடியிலும் வளை தோண்டி அவை முட்டையிட்டிருக்கும். நாம் இறங்கி நடந்தால் வளை இடிந்துவிடும்.

அதோ, கடலிலிருந்து நான்கு பேர் வரிசையாக வருகிறார்கள்! கறுப்புக் கோட்டுப் போட்ட குட்டை மனிதர்கள் கல்யாண வீட்டுக்குப் போவது போலத் தத்தித் தத்தி நடக்கிறார்கள். உயரம் இரண்டு அடிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். எடை சுமார் 3 கிலோ.

முகத்தைக் கவனியுங்கள். கண்ணுக்கு மேலே ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு தெரிகிறதா? அது பொட்டு இல்லை; பென்குயினின் 'ஏசி' இயந்திரம்! உடம்பு சூடானால் அந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாயும். அங்கே தோல் மெல்லியதாக இருப்பதால், காற்று பட்டு ரத்தம் குளிரும். வெயில் ஏற ஏற அந்தத் திட்டின் நிறமும் கூடும்.

இப்போது மார்பைப் பாருங்கள். வெள்ளை மார்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. நம் கைரேகை ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இருப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இந்தப் புள்ளிகளும். படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டால், எந்தப் பென்குயின் எது என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. இது அழகுக்காக இல்லை. பென்குயின் நீந்தும்போது மேலிருந்து பார்த்தால், கறுப்பு முதுகு கடலின் இருட்டோடு கலந்துவிடும். கீழிருந்து பார்த்தால், வெள்ளை வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். மேலே இருக்கும் எதிரியும் ஏமாறும், கீழே இருக்கும் எதிரியும் ஏமாறும்! தரையில் தள்ளாடும் இந்த ஆசாமி, தண்ணீருக்குள் போனால் அம்பு. பறக்க முடியாத அந்தச் சிறகுகளைத் துடுப்பாக்கிப் பாய்ந்து போகும்.

திடீரென்று "ஹீ...ஹா...! ஹீ...ஹா...!" என்று கேட்கிறதே, இங்கே கழுதை ஏது? தலையை வானத்துக்குத் தூக்கிச் சிறகை விரித்துக்கொண்டு பென்குயின்தான் கத்துகிறது. "இது என் இடம்" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்கிறது. தன் ஜோடியையும் கூப்பிடுகிறது. இதனால்தான் இதற்குக் 'கழுதைப் பென்குயின்' என்றும் ஒரு பெயர்.

இரண்டே ஜோடியில் தொடங்கியது

இந்தக் காலனி பழங்காலத்திலிருந்து இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஆப்பிரிக்கப் பென்குயின்கள் பெரும்பாலும் ஆளில்லாத தீவுகளில்தான் வாழ்ந்தன. 1980-களில் இரண்டே ஜோடிகள் போல்டர்ஸ் கரையில் ஏறிக் குடியிருக்கத் தொடங்கின. அதே காலகட்டத்தில் இந்த விரிகுடாவில் பெரிய வலைகளை வீசி மத்தி, நெத்திலி பிடிப்பது நிறுத்தப்பட்டது. மீன் கிடைத்தது, பாறை இடுக்குகளில் காற்று படாத இடம் கிடைத்தது. இரண்டு ஜோடி நூறானது. பிறகு ஆயிரங்களில் எண்ணும் அளவுக்குப் பெருகியது.

கரையை ஒட்டி வீடுகள் இருக்கின்றன. பென்குயின்கள் தோட்டத்துக்குள் நுழைந்தன. செடிக்கு அடியில் வளை தோண்டின. ராத்திரியில் கழுதைக் கச்சேரி வேறு! எச்சத்தின் நாற்றத்தையும் சொல்ல வேண்டும். அங்கே குடியிருந்தவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. சிலருக்கு விருந்தாளி வந்த சந்தோஷம். கடைசியில் வேலி போட்டு, பலகைப் பாதை அமைத்து, இரண்டு தரப்புக்கும் இடம் பிரித்துக் கொடுத்தார்கள். அப்படியும் சில பென்குயின்கள் வேலியைத் தாண்டித் தெருவில் உலா வருகின்றன. அதற்குத்தான் அந்தக் கார் பலகை!

அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட்

புதருக்கு அடியில், பாதி புதைத்த வாளி போல ஒன்று தெரிகிறதே, அதற்குள் எட்டிப் பாருங்கள். சத்தம் போடாமல்! உள்ளே ஒரு பென்குயின் படுத்திருக்கிறது. வயிற்றுக்கு அடியில் இரண்டு முட்டைகள். இது மனிதர்கள் செய்து வைத்த கூடு. ஏன் செய்து வைத்தார்கள் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முட்டை பொரிக்க சுமார் 40 நாள் ஆகும். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி அடைகாக்கும். ஒருவர் கடலுக்குப் போனால், இன்னொருவர் கூட்டைவிட்டு அசையமாட்டார். குஞ்சு வெளியே வந்த பிறகும் இதே ஷிப்ட்தான். கடலுக்குப் போனவர் மீனை விழுங்கி, வயிற்றில் வைத்து எடுத்து வந்து, குஞ்சின் வாய்க்குள் கக்கி ஊட்டுவார். பெரும்பாலான ஜோடிகள் ஆண்டுதோறும் அதே துணையோடு, அதே கூட்டுக்குத் திரும்பி வரும்.

பழுப்பு நிறப் பஞ்சு மூட்டை மாதிரி ஒன்று நிற்கிறது பாருங்கள், அதுதான் குஞ்சு. அந்தப் பஞ்சு இறகில் தண்ணீர் ஊறிவிடும். அதனால் அதற்கு நீச்சல் கிடையாது. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் உண்மையான இறகு முளைத்த பிறகுதான் கடலில் இறங்கும். அதுவரை வேண்டிய சாப்பாடு முழுவதும் அப்பா அம்மா கொண்டுவந்தால்தான் உண்டு. பக்கத்துக் கடலில் மீன் இல்லையென்றால் பெற்றோர் தொலைதூரம் போக வேண்டும். திரும்பி வர நாளாகும். குஞ்சு பசியோடு காத்திருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இங்கேதான் வரப்போகிறோம்.

அங்கே பாருங்கள், இன்னொருவர் கிழிந்த தலையணை போல நிற்கிறார்! உடம்பெல்லாம் இறகு பிய்ந்து தொங்குகிறது. நோய் என்று பயந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பென்குயின் பழைய சட்டையைக் கழற்றிப் புதிய சட்டை போட்டுக்கொள்ளும். அதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். அத்தனை நாளும் தண்ணீர் புகாத இறகு இல்லாததால் கடலுக்குள் இறங்க முடியாது. அப்படியென்றால் சாப்பாடு? கிடையாது! மூன்று வாரமும் பட்டினி. அதற்கு முன்பே கடலில் நன்றாகத் தின்று கொழுத்துக்கொண்டு கரை ஏறும். அந்தச் சமயத்தில் மீன் கிடைக்காத பென்குயினுக்கு, இந்த மூன்று வாரத்தைத் தாண்டுவது கஷ்டம்.

யார் எடுத்தது?

இப்போது ஒரு கணக்கு. 1956-இல் எண்ணியபோது ஆப்பிரிக்கப் பென்குயின்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் ஜோடிகள் இருந்தன. 2024-இல்? 10 ஆயிரம் ஜோடிகளுக்கும் குறைவு! உங்கள் வகுப்பில் 42 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் வந்து பார்த்தால் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படித்தான் இருக்கிறது இந்தப் பறவையின் நிலைமை. 2024 அக்டோபரில், மிக ஆபத்தான அழிவு நிலையில் உள்ள பறவை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். இதை அறிவித்தது.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? கணக்குப் பார்த்தால் எல்லா வரியிலும் மனிதன் பெயர்தான் வருகிறது.

முதலில் வீட்டை எடுத்தோம். தீவுகளில் பறவைகளின் எச்சம் பல தலைமுறைகளாகச் சேர்ந்து, ஆள் உயரத்துக்கும் மேலாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. அதைக் குடைந்துதான் பென்குயின்கள் வளை அமைத்தன. உள்ளே வெயில் படாது, முட்டை பத்திரமாக இருக்கும். அந்த எச்சம் வயலுக்கு அருமையான உரம் என்று தெரிந்தவுடன், 1840-களிலிருந்து கப்பல் கப்பலாக வெட்டி எடுத்துப் போனார்கள். 'வெள்ளைத் தங்கம்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள்! வளை தோண்ட இடமில்லாத பென்குயின்கள் வெட்ட வெளியில் முட்டையிட்டன. வெயில் தாங்க முடியாமல் எழுந்து போனால், கடற்காக்கை வந்து முட்டையைக் கொத்திப் போய்விடும். நீங்கள் பார்த்த அந்த வாளிக் கூடு எதற்கு என்று இப்போது புரிகிறதா? நாம் எடுத்த வீட்டுக்குப் பதில் வீடு!

பிறகு முட்டையை எடுத்தோம். தீவுகளிலிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கான முட்டைகளைக் கூடை கூடையாகப் பொறுக்கிச் சாப்பாட்டுக்கு விற்றார்கள். 1960-களின் இறுதியில்தான் இது நின்றது.

அடுத்து மீன். ஆப்பிரிக்கப் பென்குயின் விரும்பிச் சாப்பிடுவது மத்தியும் நெத்திலியும். ஆமாம், நம் ஊர் மீன் கூடையில் இருக்கும் மத்தி, நெத்திலியின் உறவுக்கார மீன்கள்தான். பெரிய படகுகள் வளையம் போல வலையைச் சுற்றி, ஒரு கூட்டத்தையே அள்ளிவிடுகின்றன. கடலின் வெப்பநிலை மாறுவதால் மீன்களும் பழைய இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டன. பென்குயினால் மீனின் பின்னாலேயே குடிபெயர முடியாது. கூட்டில் குஞ்சு இருக்கிறதே!

எண்ணெயில் நனைந்த 19 ஆயிரம் பேர்

எடுத்துக்கொண்ட கதையை மட்டும் சொன்னால் போதாது. திருப்பிக் கொடுத்த கதையும் ஒன்று இருக்கிறது.

2000-ஆம் ஆண்டு ஜூன் 23. இரும்புத்தாது ஏற்றி வந்த 'ட்ரெஷர்' என்ற கப்பல், கேப் டவுனுக்கு அருகில், ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவில் மூழ்கியது. அதிலிருந்த எரிபொருள் எண்ணெய் கடலில் பரவியது. அந்த இரண்டு தீவுகளும் பென்குயின்களின் முக்கியமான வீடுகள்!

பென்குயின் உடம்பில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும்? இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் இடைவெளி விழும். குளிர்ந்த தண்ணீர் நேராகத் தோலைத் தொடும். மழைக்கோட்டில் ஓட்டை விழுந்த மாதிரி! குளிரில் நடுங்கிக் கரைக்கு வரும். எண்ணெயைச் சுத்தம் செய்ய அலகால் இறகைக் கோதும்போது அந்த விஷம் வயிற்றுக்குள் போய்விடும்.

சுமார் 19 ஆயிரம் பென்குயின்கள் எண்ணெயில் நனைந்துவிட்டன. கடல் பறவைகளைக் காப்பாற்றுவதற்காக அல்தியா வெஸ்ட்பால் என்ற பெண்மணி 1968-இல் தொடங்கிய 'சான்காப்' என்ற அமைப்பு களத்தில் இறங்கியது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வந்தார்கள். மாணவர்கள், வீட்டுப் பெண்கள், வெளிநாட்டு நிபுணர்கள் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். பெரிய கிடங்கு ஒன்றே பென்குயின் ஆஸ்பத்திரி ஆனது.

ஒரு பென்குயினைக் கழுவுவது சாதாரண வேலை இல்லை. ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சோப்புத் தண்ணீரால் தேய்க்க வேண்டும். கண்ணையும் அலகையும் சுற்றிப் பல் தேய்க்கும் பிரஷால் மெதுவாகத் துடைக்க வேண்டும். துள்ளி ஓடும் மீனைப் பிடித்தே பழகியதால், கையில் நீட்டும் செத்த மீனை அவை தொடாது. அலகைத் திறந்து மீனை உள்ளே தள்ள வேண்டும். பலருடைய கைகளில் கடித்த காயம்! அப்படியும் விடவில்லை.

எண்ணெய் படாத பென்குயின்கள் இன்னும் 19,500 இருந்தன. அவற்றை என்ன செய்வது? எண்ணெய் அகலும்வரை கடலில் இறங்காதே என்று பறவையிடம் சொல்ல முடியுமா? ஒரு நல்ல யோசனை செய்தார்கள். அவற்றைப் பிடித்து லாரிகளில் ஏற்றி, கிழக்கே போர்ட் எலிசபெத் நகரத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். வீடு இருப்பதோ சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில். அவை நீந்தி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இங்கே எண்ணெயைச் சுத்தம் செய்துவிடலாம் அல்லவா?

மூன்று பென்குயின்களின் முதுகில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் சின்னக் கருவியைப் பொருத்தினார்கள். பீட்டர், பெர்சி, பமேலா என்று பெயரும் வைத்தார்கள். இன்று எங்கே இருக்கிறது பீட்டர், எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் பமேலா என்று உலகம் முழுவதும் இன்டர்நெட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரைபடமும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. ஆனாலும் பென்குயின்கள் வழி தவறவில்லை. தங்கள் தீவை நோக்கி நீந்தி வந்து சேர்ந்தன. அதற்குள் கடலும் சுத்தமாகியிருந்தது!

எண்ணெயில் நனைந்தவற்றிலும் பத்துக்கு ஒன்பது பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. கடல் பறவைகளைக் காப்பாற்றிய உலகின் மிகப் பெரிய முயற்சிகளில் இதுவும் ஒன்று.

பொம்மை பென்குயின்கள்!

இப்போதும் முயற்சிகள் நடக்கின்றன. மனிதர்கள் செய்து வைத்த முதல் கூடுகளில் சில, வெயிலில் அடுப்பு மாதிரி சூடாகிவிட்டன. உள்ளே இருந்த பறவைகளுக்குக் கஷ்டம். தவறு தெரிந்ததும், சூடு இறங்காதபடி இரண்டு அடுக்குச் சுவர் கொண்ட புதிய கூடுகளைச் செய்து வைக்கிறார்கள்.

கேப் டவுனுக்குக் கிழக்கே 'டி ஹூப்' என்ற இயற்கைக் காப்பகம் இருக்கிறது. பக்கத்துக் கடலில் மீன் உண்டு. ஆனால் பென்குயின்தான் இல்லை. வரவழைப்பது எப்படி? நீங்கள் புது ஊரில் ஓட்டலுக்குப் போனால் எங்கே நுழைவீர்கள்? கூட்டம் இருக்கும் கடைக்குத்தானே! பென்குயினும் அப்படித்தான். ஏற்கெனவே நாலு பேர் இருக்கும் இடம்தான் நல்ல இடம் என்று நம்பும். அதனால் கான்கிரீட்டில் பென்குயின் பொம்மைகள் செய்து கரையில் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் கழுதைக் குரலையும் ஒலிக்க விட்டார்கள். காட்டுப் பூனைகள் வராதபடி வேலி போட்டார்கள். 2018-இல் பொம்மைகளை நிறுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். 2022-இல் நிஜப் பென்குயின்கள் வந்து அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன!

அந்தப் பசித்த குஞ்சை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2025 மார்ச்சில் தென் ஆப்பிரிக்க நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. முக்கியமான ஆறு பென்குயின் காலனிகளைச் சுற்றியுள்ள கடலில், பத்து ஆண்டுகளுக்குப் பெரிய வலைப் படகுகள் மத்தி, நெத்திலி பிடிக்கக் கூடாது. மீன்பிடித் தொழிலை நம்பியிருப்பவர்களும் இந்தப் பேச்சில் கலந்துகொண்டார்கள். அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும் அல்லவா? இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட எல்லையைத்தான் நீதிமன்றம் உத்தரவாக்கியது. இனி அந்தக் குஞ்சின் அப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே மீன் பிடித்துக்கொண்டு சீக்கிரம் திரும்பி வரலாம்.

ஓர் அடி தள்ளி நில்லுங்கள்

சரி, போல்டர்ஸைவிட்டுக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் சில விஷயங்கள்.

"ஒரே ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா?" என்று கை துறுதுறுக்கும். கூடாது! அந்த அலகு கத்தி மாதிரி கூர்மையானது. விரலைப் பதம் பார்த்துவிடும். அது மட்டும் காரணம் இல்லை. நீங்கள் கிட்டே போனால் பென்குயின் பயந்து எழுந்து ஓடும். அது எழுந்து போன அந்த நிமிடத்துக்காகக் கடற்காக்கை காத்துக்கொண்டிருக்கிறது. முட்டை போய்விடும்.

பிஸ்கட், சிப்ஸ் எதுவும் போடக்கூடாது. அவை அதன் வயிற்றுக்கு ஆகாது. படம் எடுக்கலாம், செல்ஃபி எடுக்கிறேன் என்று கைப்பிடியைத் தாண்டக்கூடாது. பிளாஸ்டிக் பையைக் கடற்கரையில் விடக்கூடாது.

கொஞ்சம் பேர்தானே மிச்சம், ஒன்றிரண்டு போனால் என்ன என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள். 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 60-க்கும் மேற்பட்ட பென்குயின்கள் இதே ஊரில் செத்துக் கிடந்தன. பரிசோதித்தபோது தேனீக்கள் கொட்டியது தெரிந்தது. தேனீயும் இயற்கைதான், யாரையும் குறை சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் இருந்த காலத்தில் இப்படி ஒரு விபத்தைப் பென்குயின் இனம் தாங்கிக்கொள்ளும். எண்ணிக்கை சுருங்கிவிட்ட பிறகு, ஒவ்வொன்றும் கணக்கில் வருகிறது. அதனால்தான் ஒரு முட்டைக்காக ஒரு கூடு, ஒரு பறவைக்காக ஒரு பலகை என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள்.

வந்த வழியே நடந்து கார் நிறுத்தும் இடத்துக்கு வந்துவிட்டோம். எல்லோரும் ஏறிக்கொள்ளலாமா? பொறுங்கள்! யாராவது ஒருவர் முட்டி போட்டுக் குனியுங்கள். முன் சக்கரம்... பின் சக்கரம்... அடியில்...

ஆகா, இருக்கிறாரே! நிழலில் கண்ணை மூடிக்கொண்டு ஜோராகத் தூங்குகிறார். விரட்ட வேண்டாம். நமக்கென்ன அவசரம்? அவராக எழுந்து போகும்வரை காத்திருப்போம். அதுவரை யார் பையில் கடலை மிட்டாய் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்!